குதிரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை

சாரி-கயின் கிராமம்,
நாரின் மலைப்பக்கம்.
முதல் அறுப்புப் புல் காய்ந்து முடிந்த வாரம்.

தலைநகர் பிஷ்கேக்கில் கார் பட்டறை வைத்திருக்கும் என் அன்புத் தம்பி காசிமாலிக்கு, உன் அண்ணன் ஒமுர்சாக் எழுதிக்கொள்வது.

நீயும் உன் மனைவி பெர்மெத்தும் பிள்ளைகளும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அண்ணி சய்ராகுலும் நலம். ஆடுகள் நலம். பழுப்புக் குதிரை குட்டி போட்டிருக்கிறது, குட்டிக்கு நெற்றியில் வெள்ளைப் பொட்டு. பசு மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது, காரணம் பின்னால் வரும். உன் தொப்பையைக் குறைக்க உன் மகன் ஏதோ உடற்பயிற்சிச் சாமான் வாங்கிக் கொடுத்திருக்கிறானாம், பெர்மெத் உன் அண்ணியிடம் சொல்லியிருக்கிறாள். நல்ல பிள்ளை. அவனுக்கு என் முத்தங்கள்.

விசாரிப்புகள் முடிந்தன. இனி சண்டை. போன வாரம் உனக்கு மூன்று தடவை போன் செய்தேன். "தம்பி, ஐம்பது தாண்டின ஆம்பளைங்க எல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கணும், அது வந்து..." என்று நான் ஆரம்பித்ததும், முதல் தடவை "அண்ணே, வண்டிக்கு அடியில படுத்திருக்கேன்" என்று வைத்துவிட்டாய். இரண்டாம் தடவை "சிக்னல் இல்லண்ணே" என்றாய், சிக்னல் இல்லாதவன் அதை எனக்கு எப்படித் தெளிவாகச் சொன்னாய் என்பது இயற்பியலில் எனக்கு இதுவரை புரியாத விஷயம். மூன்றாம் தடவை, நீயே ஒரு பெண் குரலை வைத்துக்கொண்டு "நீங்கள் அழைத்த வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே" என்றாய். காசிமாலி, நான் ஆயுள் முழுக்க கடைசி பெஞ்சுப் பையன்களோடு காலம் தள்ளியவன். எந்த நாயின் குரைப்பு எந்தப் பையனின் வாயிலிருந்து வருகிறது என்று கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே சொல்லுவேன். எனவே கடிதமாக எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது. அடுப்பில் போடலாம், ஆனால் வேன் டிரைவரிடம் இதைப் பெர்மெத் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியனுப்புகிறேன். அவள் சத்தமாகப் படிப்பாள். நீ உட்கார்ந்து கேட்பாய்.

புராஸ்டேட். பார், எழுதிவிட்டேன், கூரை இடிந்து விழவில்லை. சிறுநீர்ப் பைக்குக் கீழே அக்ரூட் கொட்டை அளவில் ஆண்களுக்கு மட்டும் இருக்கிற சுரப்பி. வயதாக ஆக அது பெருக்கும், பெரும்பாலும் அது வெறும் வயசுக் கோளாறுதான். சில பேருக்கு அதில் புற்றுநோய் வரும். அந்தச் சில பேரில் பலருக்கு ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுவான், நன்றாகத் தூங்குவான். அதுதான் அதன் திருட்டுத்தனம். நீ ஊருக்கு வந்தால் சாயங்காலம் என்ன செய்கிறாய்? குதிரையின் நாலு குளம்பையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கிறாய். அது நொண்டுகிறதா? இல்லை. நொண்டக் கூடாது என்றுதான் பார்க்கிறாய். உன் பட்டறையில் என்ன கத்துகிறாய்? "இன்ஜின் உறைஞ்சப்புறம் கொண்டாந்தா நான் என்ன பண்ண, முன்னாடியே ஆயிலைப் பார்க்கிறதுக்கு என்ன?" என்று கத்துகிறாய். குதிரைக்கு உண்டு, காருக்கு உண்டு, காசிமாலிக்கு மட்டும் கிடையாதா?

நம் அப்பாவை நினைத்துப் பார். இடுப்பு வலி என்றார். ஈரத் தரையில் உட்கார்ந்த குளிர் என்று நாமும் நம்பினோம், ஆட்டுக் கொழுப்பைச் சூடு பண்ணித் தேய்த்தோம். எலும்புக்குப் போன பிறகுதான் பெயர் தெரிந்தது. அடுத்த புல் அறுப்புக்கு அவர் இல்லை. அப்பாவுக்கு வந்திருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அப்படிப்பட்டவர்கள் நாற்பத்தைந்திலேயே டாக்டரிடம் பேசிவிட வேண்டும் என்கிறார்கள். உனக்கு ஐம்பத்து நாலு. ஆகவே இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று, நீ போய் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். அது எவ்வளவு சுலபம் என்று காட்ட எங்கள் ஊர் அனுபவத்தை உதாரணமாகச் சொல்கிறேன். உதாரணம் கொஞ்சம் கோணலாகப் போகும், பொறுத்துக்கொள்.

வசந்தத்தில் பாதை திறந்ததும் தலைநகரிலிருந்து இலியாசோவ் என்று ஒரு டாக்டர் நம் பக்கம் வந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கமுள்ள மருத்துவ நிலையத்தில் ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு இலவசமாக ரத்தம் பார்க்கப் போவதாக அறிவித்தார். அங்கே நர்ஸாக இருக்கிறவள் நூர்சாத், நம் ஊர் சாதிர்குலின் மருமகள். அவள் கடை வாசலில் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போனாள். ஆண்கள் எல்லாரும் அதைப் படிக்காதது போலப் படித்தார்கள். ஒருத்தனும் பெயர் கொடுக்கவில்லை. ஓய்வு பெற்றாலும் வாத்தியார் வாத்தியார்தானே, முன்மாதிரியாக இருப்போம் என்று, "நான் போறேன்" என்றேன்.

"உனக்கு என்ன வாத்தியாரே ஆச்சு?" என்றான் சாதிர்குல்.

"ஒண்ணும் ஆகல. அதனாலதான் போறேன்."

"ஒண்ணும் ஆகாதவன் எதுக்குய்யா டாக்டர்கிட்ட போறான்? மறைக்காதே."

அவ்வளவுதான். நான் வீடு போய்ச் சேருவதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் தட்டு நிறையப் பொரித்த ரொட்டியோடு உன் அண்ணியைத் தேற்ற வந்துவிட்டார்கள். அவள் வாசலிலேயே மறித்தாள். "ஏ கிழவரே, நீங்க சாகப் போறீங்களாமே. ஊருக்கே சொன்னீங்க, எனக்கு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

மறுநாள் சாதிர்குலே வந்தான். விரலால் பார்ப்பார்களாமே, உண்மையா என்று கேட்டான். முதலில் ரத்தம்தான், தேவைப்பட்டால்தான் மற்றது என்றேன். தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "அந்த டாக்டரோட கை எவ்வளவு பெரிசு?" என்றான். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். "என்னய்யா படிச்சே நீ" என்று எழுந்தவன், வாசல் வரை போய்த் திரும்பி வந்து, இந்த ஊர் சரித்திரத்திலேயே சிறந்த யோசனையைச் சொன்னான். "வாத்தியாரே, தனியா போனா வியாதிக்காரன். எல்லாரும் சேர்ந்து போனா விருந்து."

அப்படித்தான் போனோம். ஊரில் நரைத்த மீசை வைத்த அத்தனை பேரும் வெள்ளைக் கல்பாக் தொப்பியைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டு, குதிரைகளுக்கு வாலைச் சீவி, புளித்த குதிரைப்பால் குமிஸ் நிறைந்த தோல் பையோடு, டாக்டருக்கு மரியாதையாக ஒரு ஆட்டை அறுத்துச் சுத்தம் பண்ணி எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஆடு என் பொறுப்பில் இருந்தது, என் சேணத்துக்கு முன்னால். ஆற்றைக் கடந்ததும் இருக்கிற புல்வெளியில் அக்கரை ஊர்க் கிழவர்களும் அதே டாக்டரைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். தலையில்லாத ஆடு ஒன்று சேணத்தின் மேல் கிடக்கிறது, எதிரே வேற்றூர்க் குதிரைக்காரர்கள், நடுவில் சமதரை. இதற்கு மேல் நான் என்ன எழுத? அவர்களில் ஒருத்தன், "அந்த ஆட்டைச் சும்மாவா தூக்கிட்டுப் போறீங்க, இடுப்புல பலம் போச்சா?" என்றான். சாதிர்குல் சாட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டான். குதிரை மேலிருந்தபடியே ஆட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற உலாக் ஆட்டம் ஆரம்பமாகிவிட்டது. நான் ஆட்டைப் பத்திரப்படுத்தத்தான் முழங்காலுக்கு அடியில் இறுக்கினேன் தம்பி, விளையாட அல்ல. ஆனால் பத்திரப்படுத்துகிறவனைத்தான் எல்லாரும் மோதுவார்கள் என்பது விதி. ஒரு மணி நேரம் சேணத்தில் குதித்து, சரிந்து, எழுந்து, புழுதியைத் தின்று, கடைசியில் ஆட்டை நம் ஊர்ப் பக்கம் கொண்டு வந்து சேர்த்தது யார் என்று நான் சொல்ல மாட்டேன், தற்பெருமை எனக்குப் பிடிக்காது. சாதிர்குலைக் கேள்.

டாக்டர் இளவயசு, மெலிந்த உடம்பு, கண்ணாடி, சின்னக் கைதான். சாதிர்குல் அதை முதலில் பார்த்துவிட்டு எனக்குக் கண் காட்டினான். டாக்டர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டார். என்ன வயசு, வீட்டில் யாருக்காவது இருந்ததா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். பிறகு, "கடந்த இரண்டு நாளில் சைக்கிள் ஓட்டினீர்களா?"

"சைக்கிளா!" என்று சாதிர்குல் சிரித்த சிரிப்பில் அவன் பித்தான் ஒன்று தெறித்தது. "டாக்டர் தம்பி, இந்த வயசுல நான் சைக்கிள்ல போனா என் குதிரை என்னை மதிக்குமா?"

எல்லாரும் சிரித்தோம். எல்லாரும் இல்லை என்றோம். டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினார். அப்போது ஜன்னலுக்கு வெளியே என் குதிரை கனைத்தது. அந்த இடத்தில் புத்தி இருந்த ஒரே ஜீவன் அதுதான், அது பேசியதை யாரும் காதில் வாங்கவில்லை.

ரத்தம் எடுத்தது நூர்சாத். பாவம் அந்தப் பெண். புருஷன் வீட்டுப் பெரியவர்கள் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது, நம் ஊரில் பாதிப் பேர் அவளுக்கு அந்த முறை. டாக்டர் "அடுத்தது யாரு, பேரைக் கூப்பிடுங்க" என்றால் இவள் தலையைக் குனிந்து "சாம்பல் குதிரை மாமா வரட்டும்" என்கிறாள். "சாம்பல் குதிரைன்னு நான் குழாய்ல எழுத முடியாதும்மா" என்று டாக்டர் தவிக்க, நான் பக்கத்தில் நின்று வருகைப் பதிவு மாதிரி பெயர்களைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பெரியவருக்கும் அவள் முதலில் குனிந்து வணங்கினாள், பிறகு குத்தினாள். மாமனார் சாதிர்குல் தன் முறை வந்ததும் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். வெயில் என்றான். அறைக்குள் என்ன வெயில்? மருமகள் முன்னால் அழக் கூடாது, அதுதான் விஷயம்.

பிறகு ஆட்டைத் தின்றோம், பாட்டுப் பாடினோம், பந்தயம் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினோம். முடிவு வந்தது. தம்பி, அத்தனை பேருக்கும் அளவு கூடுதல். ரத்தத்தில் இந்தச் சுரப்பி விடுகிற ஒரு பொருளின் அளவு அது. ஒருத்தன் மிச்சமில்லை. டாக்டர் போனில் நூர்சாத்திடம் சொல்ல, அவள் எங்களிடம் சொல்ல முடியாமல் தேநீர் ஊற்றி ஊற்றியே அழ, நாங்கள் அந்தத் தேநீரிலிருந்தே புரிந்துகொண்டோம்.

அந்த வாரம் நம் ஊர் எவ்வளவு நல்ல ஊராக இருந்தது தெரியுமா! பத்து வருஷம் முகம் பார்க்காதவர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். வேலித் தகராறுகள் தீர்ந்தன. என் கல்யாணச் சேணத்தை இரவல் வாங்கிப் போய்த் திருப்பியே தராத சாதிர்குல், அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, "எதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சுடு ஒமுர்சாக்" என்றான். நானும் மன்னித்தேன். அவன் வீட்டில் சாவு விருந்துக்கு எந்தக் குதிரையை அறுப்பது என்று விவாதமே நடந்திருக்கிறது. "சாம்பல் குதிரையைத் தொடாதீங்க, அது இன்னும் நல்லா ஓடும். கிழட்டுப் பெட்டையை அறுங்க" என்றிருக்கிறான். அவன் மனைவி, "கிழட்டுப் பெட்டையை அறுத்தா ஊரு என்னைத்தானே கஞ்சம்னு சொல்லும்? நீங்க பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துடுவீங்க, மெல்ல முடியாத கறியை வச்சுக்கிட்டு நான்ல விருந்தாளி முகத்துல முழிக்கணும்?" என்று சண்டை பிடித்திருக்கிறாள்.

டாக்டர் இலியாசோவுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு ஊர் முழுக்க இப்படி என்றால் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று ஜீப்பில் பாட்டில்களோடு வந்து, ஊற்றில் ஒன்று, ஆற்றில் ஒன்று பிடித்துக்கொண்டு, எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். வந்தோம். அவர் ஜன்னல் பக்கம் நின்று ஆறுதலாக ஏதோ பேச ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். வெளியே வேலி நெடுக எங்கள் குதிரைகள் கட்டியிருந்தன.

"இதெல்லாம் யாரோடது?"

"எங்களுது."

"அன்னிக்கு மருத்துவ நிலையத்துக்கு எதுல வந்தீங்க?"

"இதுலதான். வேற எதுல வருவாங்க?" என்றான் சாதிர்குல். பிறகு ஒளிவு மறைவில்லாமல் இருக்கட்டும் என்று, "வழியில கொஞ்சம் உலாக் ஆடினோம்" என்றும் சேர்த்துக்கொண்டான்.

டாக்டர் என் பழைய மேசையில் தலையை வைத்துக்கொண்டார். "நான் கேட்டேனே... கேட்டேனே உங்களை!"

"சைக்கிளைத்தானே தம்பி கேட்டீங்க? குதிரையைக் கேக்கலையே."

"நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"குதிரை ஏறினேன்னு யாராவது சொல்லுவாங்களா? மூச்சு விட்டேன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு!"

விஷயம் இதுதான். சைக்கிள் இருக்கையோ சேணமோ, மணிக்கணக்கில் அந்தச் சுரப்பியை அழுத்தினால் அந்த அளவு தற்காலிகமாக ஏறக்கூடும். வேறு காரணங்களாலும் ஏறும், வயசு வீக்கம், கிருமி என்று பல. இதை நான் ஊராருக்கு இப்படி விளக்கினேன். வாசலில் நாய் குரைக்கிறது என்று வை. ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, விருந்தாளியாகவும் இருக்கலாம். அதற்காகக் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருப்போமா? எழுந்து போய்ப் பார்ப்போம். அந்த ரத்த அளவு நாயின் குரைப்பு, அவ்வளவுதான். தீர்ப்பு இல்லை. எழுந்து பார் என்கிற தகவல்.

மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும், அதற்கு முன் சில நாள் யாரும் குதிரையைத் தொடக் கூடாது என்று உத்தரவு. இன்னொரு விஷயத்திலும் இரண்டு நாள் விலகியிருக்க வேண்டும் என்று டாக்டர் நூர்சாத்திடம் சொல்ல, அதைப் பெரியவர்களிடம் அவள் எப்படிச் சொல்வாள், மாமியார் காதில் சொல்ல, மாமியார் கிணற்றடியில் சொல்ல, பெண்கள் சிரித்த சிரிப்பில் வாத்துகள் பறந்துவிட்டன. உன் அண்ணி வந்து, "டாக்டர் உத்தரவாம். நீங்க ரொம்ப நாளாவே கீழ்ப்படிஞ்சுதான் நடக்கிறீங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள். இதைப் பெர்மெத் சத்தமாகப் படிக்க வேண்டாம்.

அந்தச் சில நாள் ஊர்க் கிழவர்கள் அத்தனை பேரும் நடந்தோம். நாய்கள் எங்களை அந்நியர் என்று துரத்தின. சாதிர்குலின் குதிரை அவன் பின்னாலேயே, தன்மேல் என்ன குற்றம் என்று கேட்கிற முகத்தோடு நடந்தது. நான் மேய்ச்சலுக்கு நடந்தே போய் நின்றபோது நம் பசு, உன் சின்ன வயசிலிருந்து எந்தப் பசுவும் செய்யாத மாதிரி, என்னைத் தலையால் முட்டி ஓடையில் தள்ளியது. குதிரைக்கு மேலே இருக்கிற தொப்பியாகத்தான் அது என்னை அறிந்திருக்கிறது. தரையில் பார்த்ததை இன்னும் மன்னிக்கவில்லை.

மறுபடி முடிவு வந்தது. எல்லாருக்கும் அளவு இறங்கிவிட்டது. அன்று மாலையே வேலித் தகராறுகள் மறுபடி முளைத்தன. சாதிர்குல் வந்து, "சாகலைன்னு ஆயிடுச்சு, அந்தச் சேணத்தைக் குடு" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எல்லாருக்கும் என்றேன். ஒருத்தரைத் தவிர. எனக்கு இறங்கவில்லை.

பயப்படாதே, அடுத்த வரியைப் படி. டாக்டர் விரலால் பார்த்தார். அரை நிமிஷம், பல் பிடுங்குவதைவிடச் சுலபம், அந்த நேரம் நான் பெருக்கல் வாய்ப்பாடு சொன்னேன், பதின்மூன்றாம் வாய்ப்பாடு பாதி போவதற்குள் முடிந்துவிட்டது. பிறகு நகரத்துக்குக் கூப்பிட்டு ஊசியால் துளித் துளியாகச் சதை எடுத்துப் பார்த்தார்கள். உன் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கோபிக்காதே, வந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய். இருக்கிறது, தம்பி. ஆனால் சின்னது. அந்த அக்ரூட் கொட்டையின் ஓட்டுக்குள்ளேயே இருக்கிறது, சோம்பேறி வகை என்கிறார். அடிக்கடி பார்த்துக் கண்காணிக்கலாம், அல்லது எடுத்துவிடலாம், இரண்டுக்கும் நேரம் இருக்கிறது என்கிறார். நேரம் இருக்கிறது. இந்த இரண்டு வார்த்தையை அப்பாவிடம் எந்த டாக்டரும் சொல்லவில்லை. மேலே நலம் என்று எழுதியது பொய் இல்லை. ஒன்றும் தெரியாமல் நலமாக இருந்தவன், தெரிந்துகொண்டு நலமாக இருக்கிறேன்.

இதற்கு நடுவே ஒரு நல்ல காரியமும் செய்தேன். "டாக்டர், நம்ம நாட்டுல எந்தக் கிழவன் சைக்கிள் ஓட்டறான்? அந்தக் கேள்வியை அடிச்சுட்டு, குதிரை ஏறினீங்களான்னு போடுங்க" என்றேன். அடித்தார்! இப்போது தலைநகரில் அவருடைய ஆஸ்பத்திரியிலும் எல்லாரிடமும் அதைத்தான் கேட்கிறார்களாம். என் மாணவன் எவனும் மந்திரியாகவில்லை, ஆனால் நான் ஒரு கேள்வியைத் திருத்தினேன் என்று நிம்மதியாகக் கண்ணை மூடுவேன், அதுவும் இப்போதைக்கு இல்லை.

ஆகவே, காசிமாலி, பிடிவாதக்காரா, கோழையே, தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ள வாடிக்கையாளரே, அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வந்தது உன்னைத் தேடி வந்திருக்கிறதா என்று போய்ப் பார். அண்ணன் உத்தரவு. மந்தை பெருகட்டும், வீட்டில் ரொட்டி தீராதிருக்கட்டும், பெர்மெத்துக்கு என் மரியாதை, பிள்ளைகளுக்கு ஆசி. உனக்கு ஆசி பரிசோதனைக்குப் பிறகு.

இப்படிக்கு,
உன் அண்ணன் ஒமுர்சாக்

பின்குறிப்பு: வேன்காரன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான், காத்திருக்கட்டும். இப்போதுதான் பெர்மெத் உன் அண்ணிக்குப் போன் செய்தாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். நீ யாரிடமும் சொல்லாமல் ஏற்கனவே போய்ப் பார்த்துவிட்டாயாம், அதுவும் இலியாசோவிடமே. அளவு கூடுதல் என்று சொன்னார்களாம், மறுபடி வரச் சொல்லியும் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாயாம். அதனால்தான் பெண் குரலா? சாவு விருந்துக்கு எந்தக் குதிரை என்று பெர்மெத்தைக் கேட்டாயாமே, உன்னிடம் ஏதடா குதிரை? கோழை என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். எனக்கு ஊரே துணைக்கு வேண்டியிருந்தது, நீ தனியாகப் போயிருக்கிறாய்.

ஆனால் ஒன்று. குதிரை ஏறினீங்களான்னு கேட்டாங்க, இல்லவே இல்லைன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னியாம். சரி. ஆஸ்பத்திரிக்கு எதுல போனே? உன் மகன் வாங்கிக் கொடுத்த அந்த உடற்பயிற்சிச் சாமான் சைக்கிளாமே! பட்டறைக்குத் தினமும் அதுலதானாமே, ஆஸ்பத்திரிக்கும் ஊரைக் குறுக்கே கடந்து அதுலயே போனியாமே! அந்தச் சைக்கிள் கேள்வியை அடிக்கச் சொன்னவன் நான்தாண்டா. இரண்டையும் எழுதச் சொல்லி டாக்டருக்கு இப்பவே போன் போடறேன், ஒட்டகத்தையும் சேர்த்துக்கட்டும்.

இந்த நிமிஷமே சைக்கிளை விட்டு இறங்கு. வெறும் சைக்கிளாலதான்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கு இறங்கலையே. எனக்கு வியாழக்கிழமை அங்கே வரச் சொல்லியிருக்காங்க. புதன்கிழமை உன் வீட்டுக்கு வரேன். மறுநாள் காலையில ரெண்டு பேரும் நடந்தே போவோம், மெதுவா, சுத்தி இருக்கிறவங்க நம்மை வேலையத்த கிழவர்கள்னு நினைச்சுக்கட்டும். நாய் குரைச்சிருக்கு, அவ்வளவுதான். ஓநாயா, விருந்தாளியான்னு வெளியே போய்ப் பார்ப்போம். நான் முன்னால நடக்கிறேன், மூத்தவன் நான்தானே.